மாவுக்கடை நம்பர்

அண்ணன் செத்ததிலிருந்து நான் ரயிலில் யாரோடும் பேசுவதில்லை. பாலிகஞ்ச் ஸ்டேஷனில் ஏறி எதிரே உட்கார்ந்த இரண்டு பெண்கள் தமிழில் பேசினார்கள். பேச்சைக் கேட்டால், இளையவளுக்குப் புருஷன் செத்து ஒரு மாதம்தான் இருக்கும்.

“கடைச் சாவியை என் கொழுந்தனே கொண்டாந்து குடுத்துட்டான்க்கா. அவரோட மொபைலை மட்டும் வச்சுக்கிட்டான்.”

“போனா போவுது. கடை இருக்குல்ல?”

“கடைக்கு யாரு வர்றா? லேக் கார்டன்ஸ் மாமிங்க எல்லாம் அந்த நம்பருக்குத்தான் இட்லி மாவு வேணும்னு போன் பண்ணுவாங்க. அவரு சைக்கிள்ல கொண்டுபோய்க் குடுப்பாரு. இப்ப இவன் போறான்.”

“கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டேன். ‘அண்ணன் ஞாபகமா இருக்கட்டும் அண்ணி’ங்கிறான். காரியத்தன்னிக்கே சார்ஜ் போட்டு வச்சிருந்தான்க்கா.”

“அடப்பாவி! அவனுக்கு மாவு அரைக்கத் தெரியுமா?”

“நான்தான் அரைக்கிறேன். அவனை விட்டா வேற யாரு வாங்குறா? கூலி குடுக்குறான்.”

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ருசி மாறவே இல்லைன்னு மாமிங்க சொல்றாங்களாம். அவன்தான் வந்து சொன்னான், சிரிச்சுக்கிட்டே.”