தரையைத் தொடும் காட்சி

படம் முடிந்து கடைசிப் பெயர் திரையில் ஏறி மறையும்வரை நான் இருக்கையை விட்டு எழுவதில்லை. அது உழைத்தவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று திரைப்பட ரசனை மாலை வகுப்பில் எங்கள் ஆசிரியை சொன்ன நாளிலிருந்து அப்படித்தான். அன்றைக்கும் உட்கார்ந்திருந்தேன். அத்தான் வாசல் பக்கம் நின்றுகொண்டு, "மச்சான், படம் போயிடுச்சுடா. திரையையாவது விட்டுட்டு வா," என்று கத்தினார். பெருக்குவதற்காக உள்ளே வந்த பெண்கூடச் சிரித்தாள். ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். அங்கிருந்து தொடங்கினால்தான் வரிசையாகச் சொல்ல வரும்.

அந்தப் படத்தை நீங்கள் பார்த்தீர்களோ என்னவோ, ஊரே பார்த்தது. மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒருவன். சாகமாட்டான், வாயும் ஓயமாட்டான். ஒருத்தன் கையை முறித்து, முறிந்த கையாலேயே அவனை டாட்டா காட்டவைப்பான். அரங்கம் குலுங்கும். மாடியிலிருந்து ஆட்களைத் தள்ளிவிட்டு, "பாத்துப் போ, படி வழுக்கும்," என்பான். மறுபடியும் குலுங்கும். படத்தின் நகைச்சுவை மொத்தமும் அவ்வளவுதான். அதையே கடைசிவரை காட்டுகிறார்கள், வேறு வேறு மாடிகளில்.

சரிபார்க்காமல் ஒன்றை வெறுப்பது என் வழக்கமில்லை. என் கருத்தின்மேல் எனக்கே எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. அதனால் படத்துக்கு மூலமான காமிக்ஸைப் பழைய புத்தகக் கடையில் தேடிப் பிடித்துப் படித்தேன். அதிலும் அடிதடிதான், நக்கல்தான். ஆனால் அதில் ஒரு பக்கம் இருக்கிறது. கோட்டுக்காரன் தள்ளிவிட்ட காவலாளி தரையில் கிடக்கிறான். பக்கம் முழுக்க அது மட்டும்தான். பேச்சே இல்லை. மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் கோட்டுக்காரன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தபடி நிற்கிறான். அந்த ஒரு பக்கத்துக்காக அந்தப் புத்தகத்தை மன்னிக்கலாம் என்று தோன்றியது.

படம் எடுத்தவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் கிழித்துப் போட்டிருந்தார்கள். படத்தில் ஒருவன்கூடத் தரையைத் தொடுவதில்லை. விழுவான், கை காலை உதறிக்கொண்டு விழுந்துகொண்டே இருப்பான். தொடப்போகும் நேரத்தில் காட்சியை வெட்டிக் கோட்டுக்காரன் முகத்துக்குப் போய்விடுவார்கள். அங்கே ஒரு ஜோக் தயாராக இருக்கும். ரத்தத்தைக் குடம் குடமாகக் கொட்டத் தெரிந்தவர்களுக்கு ஒரு மனிதன் தரையில் விழுவதைக் காட்டத் துணிச்சல் இல்லை. சிரித்தவர்களுக்கும் அதைப் பார்க்கத் துணிச்சல் இல்லை. 'தைரியம் இல்லாதவர்கள் எடுத்த முரட்டுப் படம்' என்றுதான் என் விமர்சனத்தைத் தொடங்கினேன்.

ஆசிரியை எல்லாருடைய விமர்சனத்தையும் படித்து, சிறந்ததை வகுப்பில் வாசித்துக் காட்டுவார். என்னுடையதை ஒருமுறையும் வாசித்ததில்லை. இந்த முறை வாசிப்பார் என்று நினைத்தேன். தாளைத் திருப்பிக் கொடுத்தபோது, "கருத்து நல்லாருக்குப்பா. ஆனா அந்தத் தரையைத் தொடுற காட்சி எப்படி இருக்கணும்னு உனக்கே தெரியலயே. அது இல்லாம இது வெறும் கோபம்," என்றார். அடுத்த வகுப்புக்குள் திருத்தி எழுதித் தரலாம் என்றும் சொன்னார். அவர் சொன்னது சரி. எனக்குத் தெரியவில்லைதான்.

நான் அக்கா வீட்டில் இருக்கிறேன். அத்தான் நல்லவர். இதை நீங்கள் தாராளமாக எழுதிக்கொள்ளலாம். தான் வேலை பார்க்கும் மெத்தைக் கிடங்கிலேயே எனக்கும் வேலை வாங்கித் தந்தவர் அவர். வகுப்பு இருக்கும் நாளில் என்னைக் கூடுதல் நேர வேலைக்கு நிறுத்தாமல் அனுப்பும்படி மேற்பார்வையாளரிடம் பேசியவரும் அவர்தான். அந்தப் படத்துக்கு என்னை அழைத்துப் போனவரும் அவரே. படம் முழுக்க என் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

தாள் திரும்பி வந்த அன்று இரவு நான் குளித்துவிட்டு வருவதற்குள் மேசையில் கிடந்த விமர்சனத்தை எடுத்துக்கொண்டார். நாற்காலிமேல் ஏறி நின்று, கோட்டுக்காரனின் கீச்சுக்குரலில் வாசித்தார்.

"'தைரியம் இல்லாதவர்கள் எடுத்த முரட்டுப் படம்.' அடேங்கப்பா! யாருடி இது, உன் தம்பியா எழுதினான்?"

"குடுங்க அத்தான்."

"இருங்க விமர்சகரே, இன்னும் கிளைமாக்ஸே வரல."

"போதும் விடுங்க, பாவம் அவன்," என்றாள் அக்கா. சிரிப்பை அடக்க வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் சொன்னாள்.

"பாவமா? மச்சான், விழுறவன் தரையில மோதுறதப் பாக்கவா டிக்கெட் எடுக்குறோம்? நான் தினம் குதிக்கிறேனே, எனக்கு எங்கடா விமர்சனம்?"

அவர் குதிப்பதைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கிடங்கின் மேல்தளத்துக்கு ஒரு பக்கம் தடுப்பு கிடையாது. அங்கிருந்துதான் மெத்தைகளைக் கீழே தள்ளுவோம். அவை விழுந்து கிழியாமலிருக்க, கீழே பழைய மெத்தைகளை அடுக்கி வைத்திருப்போம். அடுக்குவது என் வேலை. வேலை முடிந்ததும் மேலே இருப்பவர்கள் இரும்புப் படியைச் சுற்றிக்கொண்டு வரமாட்டார்கள், அந்த அடுக்கின்மேல் குதித்துவிடுவார்கள். மேற்பார்வையாளர் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுவார். ஒரே ஒரு கட்டுப்பாடுதான். கீழே இருப்பவன் "விரிச்சாச்சு" என்று குரல் கொடுக்காமல் யாரும் குதிக்கக் கூடாது. குரல் வந்துவிட்டால் யாரும் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. படம் வந்த நாளிலிருந்து அத்தான், "பாத்துப் போ, படி வழுக்கும்," என்று சொல்லிக்கொண்டே குதித்தார். எல்லாரும் தினமும் சிரித்தார்கள். தினமும் அதே ஜோக்குக்கு.

நான் கோபத்தில் இதைச் செய்யவில்லை. கோபத்தில் செய்கிற காரியம் கோணலாகத்தான் முடியும். அதனால் கோபம் ஆறும்வரை பொறுத்திருந்தேன். ஆறிய பிறகும் எண்ணம் அப்படியே இருந்தது. அப்போதுதான் அது சரியான எண்ணம் என்று எனக்கு உறுதிப்பட்டது. நடுவில் தனியாகப் போய்ப் படத்தை மறுபடியும் பார்த்தேன், எங்காவது ஒருவன் தரையைத் தொட்டு நான் கவனிக்காமல் விட்டிருந்தால் அத்தானுக்கு அநியாயம் செய்தவனாகிவிடுவேனே என்று. ஒருவனும் தொடவில்லை.

அடுத்த வகுப்பு இருந்த நாளில்தான் செய்தேன். கிடங்கில் இரும்புக் கட்டில் சட்டங்களும் வரும், மெத்தைகளைப் போலவே பிளாஸ்டிக் உறையில். பழைய மெத்தைகளை ஓரமாக இழுத்துவிட்டு, சட்டங்களை அதே உயரத்துக்கு அடுக்கினேன். மேலே ஒரு மெல்லிய பஞ்சு விரிப்பைப் போட்டு, சுருக்கமில்லாமல் நீவிவிட்டேன். மேலே அத்தான் யாரையோ கேலி செய்துகொண்டிருந்தது கேட்டது. "விரிச்சாச்சு," என்று குரல் கொடுத்தேன். அது பொய்யில்லை, விரித்துத்தான் இருந்தேன்.

அவர் தன் வசனத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

சத்தம் படத்தில் வருவதுபோல் இல்லை. அதைவிடச் சின்னது. ஈரத்துணி மூட்டையைக் கல்லில் வைத்ததுபோல் இருந்தது. அவர் உடனே அலறவுமில்லை. என்னைப் பார்த்து, மிகவும் சாதாரணமாக, "மச்சான், இது மெத்தை இல்லடா," என்றார். நான் தவறுதலாக அடுக்கிவிட்டேன் என்று நினைத்துத் திருத்துவதுபோல் சொன்னார். பிறகு எழப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே எதுவும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. "அக்காகிட்ட சொல்லாத, பயந்துடுவா," என்றார். இதையெல்லாம் படத்தில் எவரும் காட்டவில்லை. காட்டியிருந்தால் அந்தப் படத்தைப் பற்றி நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

ஆம்புலன்ஸில் இன்னொருவர் ஏறிக்கொண்டார். இருவருக்கு இடமில்லை. நான் வகுப்புக்குப் போனேன். பேருந்தில் உட்கார்ந்து அந்தக் காட்சியைச் சேர்த்து எழுதினேன். யாரென்று குறிப்பிடவில்லை, ஒருவன் என்று மட்டும் எழுதினேன். ஆசிரியை படித்துப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று வாசித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் சொன்னதை மனிதர்கள் அப்படிக் கேட்டது அதுவே முதல் முறை. விடிவதற்குள் அத்தான் போய்விட்டார் என்று அக்கா சொன்னபோது எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. சாகும்வரை போகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்காமலும் இல்லை.

சட்டங்களை வைத்தது நான். குரல் கொடுத்ததும் நான். கிடங்கில் திருட்டுக்குப் பயந்து கேமரா மாட்டியிருப்பது எனக்குத் தெரியும். அதை மறைக்க நான் முயலவில்லை என்பதையும் கவனியுங்கள். நீங்கள் இப்போது போட்டுக் காட்டிய பதிவு நன்றாகவே இருக்கிறது. கோணம் சரியாக அமைந்திருக்கிறது. வெட்டு இல்லை. குதிக்கிறார், வருகிறார், தொடுகிறார். அந்தப் படத்தை எடுத்தவர்களை உட்காரவைத்துக் காட்ட வேண்டும்.

ஓரத்தில் நிற்பது நான்தான். தோள்கள் குலுங்குகின்றன, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் சிரிக்கிறேன் என்று நீங்கள் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. பதிவில் ஒலி இல்லை. ஒலி இல்லாமல் பார்த்தால் அழுகையும் சிரிப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும். வகுப்பில் இதைத்தான் முதலில் கற்றுக்கொடுத்தார்கள். அன்று நான் அழுதேன் என்றே நினைக்கிறேன். சந்தேகம் இருந்தால் இன்னொரு தடவை போடுங்கள் என்று நான்தான் கேட்டேன், அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாக.

போட்டீர்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"இப்பவும் சிரிக்கிறியேடா," என்றீர்கள்.

இந்த அறையில் கண்ணாடி இல்லை. அதனால் அதை என்னால் சரிபார்க்க முடியவில்லை.