கஞ்சி போட்ட கழுத்துத் துணி

அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை. என் சமையலறை ஜன்னல் காமாக்ஷி வீட்டுப் பக்கம் இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய?

மொழிபெயர்க்கத் தமிழ்ப் பெண்ணான உங்களையே வரவழைத்தது நல்லதாகப் போயிற்று. பக்கத்தில் இருக்கும் போலீஸ்காரருக்குச் சொல்லும்போது ‘கழுத்தறுப்பு’ என்பதை மட்டும் அப்படியே இங்கிலீஷில் மாற்றிவிடாதீர்கள். நான் கத்தியைத் தொடவே இல்லை.

காமாக்ஷியின் கணவர் சேனாபதிக்கு வேலையை விட்ட பிறகு ஒரு பைத்தியம் பிடித்தது. இருநூறு வருஷத்துக்கு முந்தைய, ஜார்ஜ் மன்னர்கள் காலத்து இங்கிலாந்து ஓவியங்கள். அதிலும் ஆம்பளைகளின் உடுப்பு மட்டும். எங்கள் ஊர் வெஸ்ட் வின்ட்சரில் அவரிடமிருந்து தப்பிய தமிழ்க் குடும்பம் கிடையாது.

"தலைக்குப் போடற பவுடருக்கு வரி போட்டாங்க ஷ்யாமளா, அதோட பவுடர் ஃபேஷன் க்ளோஸ்," என்பார். "பட்டு போச்சு, சரிகை போச்சு. கறுப்புக் கோட்டு, கழுத்துல வெள்ளைத் துணி. அந்தத் துணியிலதான் மனுஷனோட மரியாதையே."

வளைகாப்புக்கு வந்த இடத்திலும் இதே பேச்சு. என் களைப்பை விடுங்கள், கூடவே குடியிருப்பவள் கதி? வாக்கிங் போகும்போது அவளே ஒருநாள் சொன்னாள்:

"காலைலேருந்து ஒரே கழுத்தறுப்புடி. இவர் வாயை யாராவது மூடினா, ஆயுசு முழுக்க அவங்களுக்கு நானே இட்லி மாவு அரைச்சுத் தரேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ரொம்பக் கஷ்டப்படுகிறவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

அறுபதாம் கல்யாணப் பத்திரிகைக்கு, அந்த ஓவியத்து ஆள்கள் மாதிரி உடுத்திப் படம் எடுக்க ஆசைப்பட்டார் சேனாபதி. கோட்டு ஆன்லைனில் வந்துவிட்டது. கழுத்துத் துணிதான் நிற்காமல் தொய்ந்து விழுந்தது. வேட்டிக்குப் போடுவதுபோல் சோற்றுக் கஞ்சி போட்டால் நிற்கும் என்று சொன்னது நான்தான். கெட்டியாகவே போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை, ரயிலில் வரும் மகளைக் கூட்டிவர காமாக்ஷி பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்குப் போயிருந்தாள். நான் மாடிக்குப் போய் அவருக்குத் துணியைக் கட்டிவிட்டேன். ஐந்து சுற்று. தாடை வரை அட்டை மாதிரி நின்றது.

"தலையைக் குனியவே முடியலையே ஷ்யாமளா."

"படத்துல யாருண்ணா குனிஞ்சு நிக்கறாங்க?"

பூரித்துப் போய்விட்டார். கம்பீரமாகத்தான் இருந்தார், இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் முன்னால் இறங்கினேன். திருப்பிக் கொடுக்கக் கொண்டுபோன அவர்கள் வீட்டு எவர்சில்வர் தூக்கை, மேலிருந்து மூன்றாவது படியில் வைத்தேன். வைத்து மறந்துவிட்டதாக நேற்று சொன்னேன். மறக்கவில்லை.

விழுந்த பிறகும் அவருக்குப் பேச்சு இருந்தது. ஆம்புலன்ஸ் என்றார், இரண்டு தடவை. துணியைப் பற்றி இல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அதுதான். அவர்கள் சமையலறையில் டீ போட்டு வைத்திருந்தேன், ஆறிவிடுமே என்று குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் அடங்கிவிட்டார்.

ஐந்து வாரம் ஆகிறது. காமாக்ஷி சரியாகச் சாப்பிடுவதில்லை. அவர் போனில் விட்டுப்போன வாய்ஸ் மெசேஜ்களை ஓடவிட்டுக் கேட்டபடியே இருக்கிறாள். அதே பவுடர் வரி, அதே கழுத்துத் துணி. என் ஜன்னல் வரை கேட்கிறது. பாவம், செத்தும் அவளை விடவில்லை அந்த மனுஷன்.

இட்லி மாவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவளுக்கே ஞாபகம் வரட்டும்.