நாற்பது கிலோமீற்றர் கிணறு

மேனுகா: சிரியாதை தேனுஜன். இன்னொருக்கா லப்ரொப்பில ரன் பண்ணிப் பாக்கிறன்.

தேனுஜன்: எத்தினை தரம் பண்ணினாலும் அதுதான் வரும், மேனுகா. நாப்பதாயிரத்து ஐந்நூறு மீற்றர்!

மேனுகா: கிணத்துக்குள்ள கல்லைப் போட்டா எத்தினை செக்கனில தண்ணியில விழுகுது... அதில இருந்து ஆழம். திரையில சமன்பாடு சரியாத்தான் எழுதியிருக்கிறன்.

தேனுஜன்: சமன்பாடு சரி. கிணறுதான் பிழை. நாப்பது கிலோமீற்றர்!

மேனுகா: வாயை மூடு.

தேனுஜன்: அவ்வளவு ஆழம் கிண்டினாலும் புங்குடுதீவில உப்புத்தண்ணிதான் வரும்.

மேனுகா: பகிடி விடாதை. அஜந்தா ரீச்சர் வர முதல் முடிக்கவேணும். எங்கடை வீட்டுக் கிணத்தில கல் விழ ஒரு செக்கன்தான் எடுத்தது. ஐஞ்சு மீற்றர் வந்திருக்கோணும்... பொறு, பொறு.

தேனுஜன்: என்ன?

மேனுகா: அந்த ஒரு செக்கனை நான் எழுதவே இல்லை! t எவ்வளவு எண்டு குடுக்க மறந்துபோனன். அப்ப சிவப்பில பிழை எண்டெல்லே வந்திருக்கோணும். விடை எங்கால வந்தது?

தேனுஜன்: ...லப்ரொப் பழசு. ஒருக்கா நிப்பாட்டிப்போட்டுப் போட்டாச் சரிவரும். இஞ்சை தா.

மேனுகா: கையை எடு! நேற்று இதை வீட்டை கொண்டுபோனது நீதானே? என்ன செய்தனி?

தேனுஜன்: சும்மா ஒரு கணக்கு. அப்பவே அழிச்சுப்போட்டன்.

மேனுகா: கணக்கு எழுதின பெட்டியை அழிச்சா எழுத்துத்தான் போகும். ரன் பண்ணின எண்ணெல்லாம் நிப்பாட்டுமட்டும் லப்ரொப்பின்ர நினைவில கிடக்கும். ரீச்சர் முதல் நாளே சொன்னவ. நீ நல்ல நித்திரை.

தேனுஜன்: நித்திரை இல்லை, தாளில கப்பல் கீறிக்கொண்டிருந்தனான்.

மேனுகா: நினைவில என்னென்ன கிடக்கெண்டு கேப்பம்...

தேனுஜன்: வேண்டாம், மேனு...

மேனுகா: t தொண்ணூறு. அதைத்தான் செக்கனெண்டு கிணத்துக்கு எடுத்திருக்கு. தூரம் முப்பது. பஸ்... காலமை ஐஞ்சே முக்கால். கிழமைக்கு ஐஞ்சு நாள். ஐஞ்சே முக்கால் யாழ்ப்பாணம் போற பஸ்ஸெல்லே?

தேனுஜன்: அது... சராசரி வேகக் கணக்கு.

மேனுகா: என்ர முகத்தைப் பாத்துச் சொல்லு.

தேனுஜன்: ...யாழ்ப்பாணம் ரவுணில ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில இடம் தந்திருக்கினம். கடிதம் வந்தது.

மேனுகா: எப்ப?

தேனுஜன்: ரெண்டு கிழமை இருக்கும்.

மேனுகா: ரெண்டு கிழமையா என்ர வடையைத் திண்டுகொண்டு, ஒரு சொல்லுச் சொல்லேல்லை?

தேனுஜன்: சொல்லத்தான்...

மேனுகா: உயர்தரத்தில பௌதிகவியல் படிக்கிறது நாங்கள் ரெண்டே ரெண்டு பேர். ஒராளுக்காக வகுப்பு வைக்கேலாது எண்டு அதிபர் சொன்னது உனக்குக் கேக்கேல்லையே? நீ போனா இதை மூடுவினம். நான் கலைப்பிரிவில போய் இருக்கோணும்.

தேனுஜன்: நான் சொல்லுறதை ஒருக்காக் கேளன்.

மேனுகா: ...சரி. போ.

தேனுஜன்: என்ன?

மேனுகா: போ எண்டுறன். அங்கை நல்ல ஆய்வுகூடம் இருக்கும். ஆளுக்கொரு கொம்பியூட்டர் இருக்கும். எனக்குக் கோவம் கோவமா வருது, அழுகையும் வருது. அதுக்காக உன்னை மறிக்கேலாது.

தேனுஜன்: அழாதை, விசரி. கடைசி எண்ணையும் வாசி.

மேனுகா: ...ஆயிரத்து இருநூறு. உது என்ன?

தேனுஜன்: மணித்தியாலம். போக ஒண்டரை, வர ஒண்டரை. ரெண்டு வருசத்தில பள்ளிக்கூடம் நடக்கிறது எண்பது கிழமை. கூட்டிப் பார், இரவு பகலா அம்பது நாள் பஸ்ஸுக்குள்ள! அதைக் காட்டித்தான் நேற்றுப் பின்னேரம் அப்பாவை மடக்கினனான்.

மேனுகா: மடக்கினியோ?

தேனுஜன்: தானும் ஒருக்காத் தாளில பெருக்கிப் பாத்தார். பேந்து, 'சரி, இஞ்சையே படி' எண்டிட்டார்.

மேனுகா: அப்ப... நீ போகேல்லை?

தேனுஜன்: இல்லை எண்டுறன்.

மேனுகா: பிறகேன்ரா ஒளிச்சனி, மாடு!

தேனுஜன்: உனக்காக நிண்டனான் எண்டு நினைச்சுப்போடுவாய். பேந்து உன்னைப் பிடிக்கேலாது.

மேனுகா: எனக்காகவோ நிண்டனி?

தேனுஜன்: ...பஸ்ஸில போனா எனக்குக் குமட்டிச் சத்தி வாறது.

மேனுகா: ஓம், ஓம்.

தேனுஜன்: சிரியாதை! நீ எண்டா ஒரு வார்த்தை சொல்லாமல் அந்தப் பஸ்ஸில ஏறிப் போயிருப்பாய்.

மேனுகா: ரவுணில இருந்து எனக்கும் கடிதம் வந்தது, தேனு. சேரச் சொன்ன நாள் போன திங்கள். அண்டைக்கு நான் இதே கதிரையில இருந்து உன்ர பிழையளைத் திருத்திக்கொண்டிருந்தனான்.