ரெண்டாவது பந்தி

பஸ்ஸில் யார் பேசினாலும் காதைப் பொத்திக்கொள்ளும் ஆள் இல்லை நான். நேற்று கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வரும்போது, முன்வரிசையில் மடியில் லேப்டாப்போடு ஒரு பெண் இருந்தாள். பக்கத்து வரிசையில் இருந்த போட்டோ ஸ்டுடியோக்காரரிடம் திடீரென்று சொன்னாள்.

“அண்ணா, உங்க சிநேகிதர் சேகர் எடுக்கிற கல்யாண போட்டோ எல்லாம் உங்க கிளவுடுலதான் வந்து விழுது.”

“அது எப்படிம்மா?”

“போட்டோ ஏத்தறதுக்கு நான் எழுதிக் குடுத்த புரோகிராமை அவருக்கும் காப்பி பண்ணிக் குடுத்திருக்கீங்க. உங்க கிளவுடைத் திறக்கிற கீ, அந்த பாஸ்வேர்டு மாதிரி, அதுக்குள்ளயே இருக்கு. கீயை தனி ஃபைல்ல வெக்கணும்னு கிளவுடு கம்பெனிக்காரன் குடுத்த குறிப்புலயே போட்டிருக்கான். நான்தான் அவசரத்துல உள்ளயே எழுதிட்டேன்.”

“அப்ப அவன் என் படத்தையெல்லாம் அழிக்கலாமா?”

“தாராளமா. அதான் இப்பவே கீயை மாத்தப் போறேன்.”

“இரும்மா. ஹார்டு டிஸ்க் போயி, அவன் தங்கச்சி கல்யாணப் படம் மொத்தமும் போச்சுன்னு காலையிலதான் அழுதான்.”

அவள் தேடிப் பார்த்தாள்.

“எல்லாம் இருக்குண்ணா. பந்தியில நீங்க ரெண்டு வாட்டி உக்காந்ததுகூட.”

அவர் உடனே போன் போட்டார். “டேய் சேகர், அழாதடா. தங்கச்சி கல்யாணம் என்கிட்ட பத்திரமா இருக்கு.”

போனை வைத்துவிட்டு குரலைத் தாழ்த்தினார்.

“அந்த ரெண்டாவது பந்தியை மட்டும் அழிச்சுட்டு, அப்புறம் கீயை மாத்தும்மா.”