ஒத்த உசுரும் பாலக்காட்டு லோடும்

— சுடு புள்ள, சுடு! பட்டனை உட்டுக் கையை எடுத்தா எப்படி? எதுக்க அத்தனை பிளைட்டு வருதில்ல!

— வரட்டுமுங்க. ஆரனை அமுக்கீட்டே இருந்தா எதுக்க வர்ற பஸ்ஸு ஒதுங்கீருதுங்களா?

— ஆரனா? கேளு மஞ்சு, இது துப்பாக்கி. பத்தொம்பது வயசுலயே இந்த மாதிரி வீடியோ கேம் மெசின்ல ஆறு லெவல் தாண்டுன ரங்கன் சொல்றேன்.

— பேச்சு நெனப்பிருக்கட்டுமுங்க மாமா. மெசின் மூணு உசுரு குடுக்கும், நான் ஒத்த உசுர்ல ஆடறேன். சாகாம அஞ்சாவது லெவல்ல வர்ற பெரிய பிளைட்டைக் கவுத்துட்டா, உங்களுக்குப் பதிலா ஓட்டற ஈஸ்வர்கிட்ட இருக்கற நம்ம லாரிச் சாவியை வாங்கித் தரோணும். திங்கக்கெழம பாலக்காட்டு முட்டை லோடு நாந்தான் ஓட்டுவேன்.

— தர்றேன். ரங்கன் சொன்னா சொன்னதுதான். ஆனா மூணாவது லெவலே தாண்ட மாட்டே. ஹெவி லைசென்சு எடுத்துப் பீரோவுல வெச்சுட்டா டிரைவராயிருவியா? என்ற கைக்கட்டைக் காட்ட அஸ்தம்பட்டி டாக்டர்கிட்ட வந்தமா, ஊடு போய்ச் சேந்தமான்னு இல்லாம... மூலைக்குப் போகாதே!

— போகலீங்க. நடுவுல அடியோரமா நிக்கறேன். எது வந்தாலும் ஒதுங்க ரெண்டு பக்கமும் எடமிருக்குதில்ல.

— உன்ற பிளைட்டைப் பாரு புள்ள!

— அதை எதுக்குங்க பாக்கோணும்? வர்ற குண்டைத்தான் பாக்கோணும். றெக்கையில ஒரசுனா ஒண்ணும் ஆகாது. நடுவுல இருக்குதே பொட்டாட்டம், அதுல பட்டாத்தான் சாவு.

— இதை ஆரு சொன்னா?

— நீங்க டீ குடிக்கப் போனப்ப மூணு காசு போட்டுச் செத்துப் பாத்தனுங்க.

— அந்தா, செவப்புப் பொட்டி! எடுத்தா துப்பாக்கிக்கு எச்சுப் பலம். புடி, புடி!

— சுத்தியும் குண்டு. பேராசை பெருநட்டமுங்க.

— வெடுக்குனு திருப்பு!

— வெடுக்குனு திருப்புனா பின்னால அட்டையெல்லாம் சரிஞ்சு முட்டை ஒடைஞ்சுருமுங்க.

— இதுல முட்டை எங்க வந்துச்சு?

— இருக்குதுன்னு நெனச்சுக்கறேன். முள்ளு மேல போட்ட சேலையை எடுக்கற மாதிரி கொஞ்சூண்டு, கொஞ்சூண்டா நகரோணும். பாருங்க, குண்டெல்லாம் என்ற பின்னாலயே ஒரே பக்கமா வருது. அக்கட்டால வழி தொறந்துக்கிச்சு.

— நாலாவது லெவலா? அட, ஒரு அடி படலயே! இந்த நெதானத்தை நான் ஈஸ்வர்கிட்டத்தான் பாத்தேன். தார்ப்பாய் கட்டறப்ப வழுக்கி என்ற கை ஒடிஞ்ச பொறவு மூணு லோடு போயிட்டு வந்தான். ஒரு முட்டை ஒடையல. பாலக்காட்டுக் கடைக்காரர் போன் போட்டு, உன்னைவிட நல்ல டிரைவரைத் தாட்டி உட்டிருக்கயேன்னாரு. எனக்கே வவுறு எரிஞ்சுது. நீதான் மூணு தடவையும் உங்கம்மாவைப் பாக்க ஜேடர்பாளையம் போயிட்டே.

— ஆமாங்க, கேக்கக் குடுத்து வெக்கல. அஞ்சாவது லெவலு, பெரிய பிளைட்டு வந்துருச்சு, செத்த சும்மா இருங்க.

— கேளு புள்ள, பாம் ஒண்ணு இருக்குது. அதைத் தொடாதே, கடைசிக்கு வேணும்.

— கையில வெச்சுட்டே செத்தா அது ஆருக்குங்க ஆகும்? இந்தாங்க, போட்டாச்சு!

— அடேங்கப்பா! கவுந்துருச்சு! ஒத்த உசுர்ல!

— இப்ப என்னங்க சொல்றீங்க?

— என்னத்தச் சொல்ல? பயமா இருக்குது மஞ்சு. ரோட்டுல உனக்கொண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? ஆனா சொன்ன சொல்லு மாறமாட்டேன். பொழுதோட ஈஸ்வர்கிட்டச் சாவியை வாங்கித் தாரேன்.

— சாவி வேணாமுங்க. திங்கக்கெழம லாரிக்குப் பக்கத்துல நின்னு, போயிட்டு வா சாமின்னு சிரிச்ச மூஞ்சியாத் தாட்டி உட்டீங்கன்னாப் போதும்.

— சாவி இல்லாம லாரி எப்படிப் புள்ள ஓடும்?

— அது ஒரு மாசமா என்ற பையிலதானுங்க இருக்குது மாமா. மூணு தடவையும் நான் ஜேடர்பாளையம் போகலீங்க, ஈஸ்வரைப் பக்கத்துல உக்கார வெச்சுட்டுப் பாலக்காடு போயிட்டு வந்தேன்.