ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஒரு டெஸ்ட் டிரைவ்

— இல்ல சார், அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. டெஸ்ட் டிரைவுன்னா ரிங் ரோட்டுல போய், பாலத்துக்கு அடியில திருப்பிக்கிட்டு, ஷோரூமுக்கே வந்துடணும். எங்களுக்குக் கொடுத்திருக்கிற ரூட் அதுதான்.

— ரிங் ரோட்டுல எந்த வண்டியும் ஓடும்மா. எனக்குத் தண்ணித் தொட்டித் தெருவுல இருந்து பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டிப் பாக்கணும். நீங்க போன்ல நேரம் மட்டும் பாத்துச் சொன்னாப் போதும்.

— ஆஸ்பத்திரிக்கா? யாருக்காவது உடம்பு முடியலையா சார்?

— இப்ப யாருக்கும் ஒண்ணுமில்ல.

— சரி, போங்க. இன்னைக்கு நீங்க அஞ்சாவது ஆளு. காலையில இருந்து இந்த சீட்டுல குனிஞ்சு ஏறி, நிமிர்ந்து இறங்கி, இடுப்பே விட்டுப் போச்சு. மேனேஜர் கேட்டா டிராஃபிக்னு சொல்லிக்கிறேன்.

— ஆமாம்மா, சீட்டு ரொம்பத் தாழ்வு. தரையிலயே உக்காந்து போற மாதிரி இருக்கு. லாரி டயர்தான் கண்ணுக்கு நேரா தெரியுது. நான் பதினெட்டு வருஷமா உசரத்துல உக்காந்து ஓட்டுறவன்.

— லாரியா சார்?

— ஆம்புலன்ஸ்.

— ஓ.

— எல்லாரும் இப்படித்தாம்மா ‘ஓ’ன்னுவாங்க. அப்புறம் பேச்சே இருக்காது.

— அப்படியில்ல சார். சரி, நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிடறேன். சொல்லலைன்னா ஃபார்ம்ல டிக் போட முடியாது. நிக்கிற இடத்துல இருந்து நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு நாலரை செகண்ட். முந்நூறு குதிரை சக்தி. இன்னும் வேகம் வேணும்னா அந்தச் சிவப்பு பட்டன்.

— அமுக்கட்டுமா?

— அமுக்குங்க. தண்ணித் தொட்டி வந்துடுச்சு. நேரத்தை ஆரம்பிக்கவா?

— அந்த நீல கேட் வீட்டைத் தாண்டும்போது ஆரம்பிங்க. இப்ப.

— சார், மெதுவா. மெதுவா சார். என் பை பின்னாடி போய் விழுந்துடுச்சு.

— எனக்கே நெஞ்சுல கை வெச்சு யாரோ தள்ளின மாதிரி இருந்துச்சு. மிதிக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுக்குதும்மா. எங்க வண்டி மிதிச்சா யோசிக்கும், ரெண்டு தடவை இருமும், அப்புறம்தான் கிளம்பும்.

— ஸ்டீயரிங் எப்படி? அதையும் எழுதணும்.

— ஒரு விரல்ல திரும்புது. ஆனா ரோட்டுப் பள்ளத்தையெல்லாம் முதுகெலும்பாலயே எண்ணிடலாம், அதையும் எழுதிக்குங்க. முன்னாடி வேகத்தடை இருக்கு. அடி தட்டப் போகுது பாருங்க.

— தட்டிடுச்சு.

— பின்னாடி இடுப்பு உடைஞ்சவர் யாரும் படுத்திருக்கல. அதனால திட்டு விழல.

— இதுக்கு நான் சிரிக்கணுமா சார்?

— எங்க ஷெட்டுல சிரிப்போம். வேற என்ன பண்றது. நேரம் என்ன ஓடுது?

— மூணு நிமிஷம் பத்து செகண்ட். சார், நீங்க வாங்க வரலைன்னு எனக்கு முன்னாடியே தெரியும். வாங்குறவங்க முதல்ல கலரைக் கேப்பாங்க. நீங்க, ‘இதைவிட வேகமான வண்டி உங்ககிட்ட இருக்கா’ன்னு கேட்டீங்க. அதுவும் புதன்கிழமை ரெண்டரை மணிக்குத்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னீங்க.

— அன்னைக்கும் புதன்கிழமைம்மா. ரெண்டரை மணி. அந்த நீல கேட் எங்க வீடு. என் சம்சாரத்தை அங்க இருந்துதான் வண்டியில ஏத்தினோம்.

— நீங்களே ஓட்டினீங்களா?

— இல்ல. நைட் டியூட்டி முடிச்சு வீட்டுல இருந்தேன். வந்தது என் கூட்டாளி. பதினொரு வருஷமா ஒரே வண்டியை மாத்தி மாத்தி ஓட்டினவங்க நாங்க. என் பொண்ணுக்குப் பேர் வெச்சதே அவன்தான். நான் பின்னாடி அவ கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். பின்னாடி உக்காந்தா நேரம் வேற மாதிரி போகும்னு அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. உருட்டிக்கிட்டே போறான் உருட்டிக்கிட்டே போறான்னு இருந்துச்சு. வாசல்ல இறக்கும்போது அவ இல்ல.

— சார், நான் ஓட்டட்டுமா?

— வேணாம். நல்லாத்தான் இருக்கேன். இது சந்தைத் தெரு, அவனும் இப்படித்தான் வந்தான். முந்நூறு குதிரைன்னு சொன்னீங்க. தள்ளுவண்டிக்காரர் முன்னாடி நடந்தா எல்லாக் குதிரையும் பின்னாடி நடக்க வேண்டியதுதான்.

— இங்க சைரன் போட்டாலும் ஒதுங்க இடமில்ல சார். அவர்கிட்ட இதைப் பத்திப் பேசினீங்களா, உங்க கூட்டாளிகிட்ட?

— எங்க பேசினேன். வீட்டுல இருந்து ஆஸ்பத்திரிக்குப் பதினாலு நிமிஷம்னு டிரிப் சீட்டுல எழுதியிருந்தான். பொய்யா எழுதியிருக்கான், மெதுவா ஓட்டினதாலதான் உயிர் போச்சுன்னு புகார் எழுதிக் கொடுத்தேன். ஒரு மாசமா அவனை வேலையில இருந்து நிறுத்தி வெச்சிருக்காங்க. நாளைக்கு விசாரணை. நான்தான் சாட்சி.

— புகாரைப் பத்தி அவர் என்ன சொன்னார்?

— ‘உனக்கு அப்படித் தோணுச்சுன்னா எழுதிக்க’ன்னான். அவ்வளவுதான். சட்டையைப் பிடிச்சுச் சண்டை போட்டிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்.

— இந்த சிக்னலும் பச்சை. போயிடலாம் சார். வாசல் வந்துடுச்சு. நிறுத்தவா?

— நிறுத்துங்க. எவ்வளவு?

— பதினஞ்சு நிமிஷம் இருபது செகண்ட்.

— சரியாப் பாருங்கம்மா.

— இந்தாங்க, நீங்களே பாருங்க. நாலு சிக்னலும் பச்சை விழுந்துச்சு. நீங்களும் சந்தைத் தெருவைத் தவிர ஒரு இடத்துலகூட கால் எடுக்கல. இதுக்கு மேல இந்த வண்டியால முடியாது சார். எங்க கடையில இதைவிட வேகமானது கிடையாது.

— அந்தத் தகர டப்பாவை வெச்சுக்கிட்டுப் பதினாலுல வந்திருக்கான்.

— அப்ப உயிரைக் கொடுத்து ஓட்டியிருக்கார்.

— அவனைத்தான் பொய் எழுதினான்னு எழுதிக் கொடுத்திருக்கேன்.

— கொஞ்சம் ஓரமாப் போடுங்க சார், வழியை மறைக்கிறோம். தண்ணி குடிங்க. இது நல்ல சேதிதானே? நாளைக்குப் போய் இதையே சொல்லிடுங்க. அவருக்கு வேலை திரும்பக் கிடைச்சுடும். யார் மேலயும் தப்பில்ல, யாரும் லேட் பண்ணலைன்னு உங்களுக்கும் ஆறுதல்.

— வண்டி லேட் ஆகலைன்னு சொன்னா, அப்ப எங்கதான் லேட் ஆச்சுன்னு கேப்பாங்கம்மா.

— எங்க சார் ஆச்சு?

— அன்னைக்கு மத்தியானம் பன்னண்டரை மணிக்கே அவ என்னை எழுப்பினா. நெஞ்சை என்னமோ அடைக்குதுன்னா. ‘ராத்திரி பூரா ஓட்டிட்டு வந்திருக்கேன், கொஞ்சம் தூங்க விடு’ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டேன்.