மலைக்கு வந்த சின்ன விமானம்

பதுளையிலிருந்து லுணுகலைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு தேயிலைத் தோட்டப் பெண்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

"திரும்பிப் போன்னுதான் கையாட்டுனோம்க்கா. அந்தப் பைலட்டு சிரிச்சிக்கிட்டே பதிலுக்குக் கையாட்டுனாரு."

"மலையில விழுந்துச்சே, அந்தச் சின்ன பிளேனா?"

"ஆமாக்கா. அன்னைக்குக் கொழுந்துக் கூடையே நிக்காத காத்து. உச்சியத் தாண்டப் போனப்ப, காத்து அப்படியே கீழ அமுக்கிருச்சு. நாங்க ஓடிப் போனோம்."

"உசுரு இருந்துச்சா?"

"இருந்துச்சு. என் கையைப் புடிச்சிக்கிட்டு, 'கையாட்டுனது நீங்கதானே? பாத்ததும் சந்தோசமா இருந்துச்சு'ன்னு சிங்களத்துல சொன்னாரு."

"எதுக்குக் கையாட்டுனீங்கன்னு சொன்னியா?"

அவள் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.

"இல்லக்கா. ஆமாங்க, நாங்கதான்னு மட்டும் சொன்னேன். அப்புறம் அவரு கண்ணு தொறக்கல."